ஏழாவது ஏழு

பாக்ஸ் ஹில்லில் நூற்றொன்பதாம் ட்ராம் நின்றுவிடும்.
அதற்கப்பால் தண்டவாளம் இல்லை.
இறங்கி, வாத்துகள் கழுத்தில் தொங்கும் கடையைத் தாண்டி
ஒடுங்கிய படியேறினால் குவோக்கின் அறை.

நான் ரத்தம் எடுக்கிறவள்.
நாளைக்கு நாற்பது கைகள்.
"சின்னக் குத்துதான்" என்று நாற்பது முறை சொல்வேன்.
நரம்பு ஒளிந்துகொள்ளும் கைகளை
விரல்நுனியில் அறிவேன்.
என் கையை யாரும் இப்படிப் பிடித்ததில்லை:
மணிக்கட்டில் மூன்று விரல்,
ஊசி இல்லாமல், குழாய் இல்லாமல்,
வாசலுக்கு யாரோ வரும் காலடியைக் கேட்பதுபோல.

"நாக்கை நீட்டுங்கள்."
நீட்டினேன், நாற்பத்தொன்பது வயதில்,
முன்பின் தெரியாத ஒருத்தியிடம்.
ஓரமெல்லாம் பல் பதிந்திருக்கிறது என்றாள்.
மண்ணீரல் களைத்திருக்கிறதாம்.
மண்ணீரலுக்கு என்ன தெரியும்,
நாக்கைக் கடித்துக்கொண்டுதான்
இருபது வருஷம் குடும்பம் நடத்தினேன் என்று.

டாக்டர் எழுதிய ஹார்மோன் பேட்ச் இடுப்பில் ஒட்டியிருக்கிறது.
கழற்றச் சொல்வாளோ என்று பார்த்தேன்.
"இருக்கட்டும், அது அதன் வேலையைப் பார்க்கட்டும்.
நீங்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?"
இதை யாரும் கேட்டதில்லை.
பொய் சொன்னேன்.

பெண்ணுக்கு ஏழேழாய்க் கணக்கு என்றாள்.
முதல் ஏழில் பால்பல் விழும்.
அடுத்ததில் உதிரம் இறங்கும்.
ஐந்தாம் ஏழில் முகம் வாடத் தொடங்கும் என்றபோது
என் காது அங்கேயே நின்றுவிட்டது.

முப்பத்தைந்து.
இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி.
ஆதிரை பிறந்த விடியலில்
தாதி அன்போடு ஒரு கூஜா ஐஸ் தண்ணீர் வைத்துப் போனாள்.
அம்மா பார்சலில் அனுப்பிய சரக்குத்தூளை
குவாரண்டைன்காரர்கள் எடுத்துவிட்டு
ஒரு கடிதம் மட்டும் அனுப்பியிருந்தார்கள்.
ஐஸ் உருகுவதைப் பார்த்தபடி கிடந்தேன்.
திரைக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி,
பிளாஸ்க் திறக்கும் ஓசை, இஞ்சி வாசம்.
திரையை விலக்காமல் ஒரு கை மட்டும் நீண்டது.
பிளாஸ்க் மூடியில் பாதி,
அடியில் ஊறிய ஒரு சிவப்பு இலந்தை.
குடித்தேன். கால்விரல் வரை போனது.
முகம் பார்க்கவில்லை. பெயர் கேட்கவில்லை.

"எங்களிடமும் ஏழு உண்டு" என்றேன் குவோக்கிடம்.
பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை,
பரீட்சைக்கு நெட்டுருப் போட்டது,
அரிவைக்கும் தெரிவைக்கும் என்ன வித்தியாசம் என்று
கேட்டவளை வாத்தியார் உட்காரச் சொன்னார்.
கடைசியில் பேரிளம்பெண். நாற்பது.
"அதற்குப் பிறகு?"
"பெயர் வைக்கவில்லை."
மேசையில் தட்டிச் சிரித்தாள்.
"எங்களது நாற்பத்தொன்பதில் முடியும்.
உங்களைவிட ஒன்பது வருஷம் தாராளம்.
ஆண்களுக்கு எட்டெட்டு, அறுபத்து நாலு வரை."
எழுதியவர் யாரென்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

பொட்டலம் மடித்தபடி சொன்னாள்:
"எனக்கு ஐம்பத்து மூன்று.
கணக்கில் இல்லாத நாலாவது வருஷம்.
யாரும் எண்ணாத ராத்திரிகளில்
நல்ல தூக்கம் வருகிறது."

வீட்டில் சட்டிக்குள் கறுப்பாய்க் கொதித்தது
வேரா பட்டையா என்று தெரியாத ஏதோ.
நனைந்த மரக்கதவின் மணம்.
ஆதிரை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்,
இரண்டாம் ஏழு, இரண்டாம் நாள்,
ஒரு கையில் சுடுதண்ணீர்ப் பை,
மறு கையில் நீல ஸ்லர்பி.
குளிர்ச்சி ஆகாது என்று சொல்ல வந்தவள்
"நாக்கை நீட்டு" என்றேன்.

"என்னம்மா, பைத்தியமா?"
என்றாலும் நீட்டினாள்,
வீதியில் யாரையோ பழித்துக் காட்டுவதுபோல முழுசாக.
நீலம்.
ஓரத்தில் ஒரு தடம் இல்லை.

"என்ன?" என்றாள்.
"ஒன்றுமில்லை. போ."
அடுப்பை அணைத்தேன்.
மணி பத்தேகால்.