முழங்கால், செம்மஞ்சள்

மூன்று மணி நேரத்துக்கு ஐந்து பிராங்க்.
அசையக்கூடாது.
மோன்பர்னாஸில் கரி வாங்கக் காசில்லாத பிப்ரவரி;
அடுப்பு என்பது மூலையில் ஒரு கறுப்பு, அவ்வளவுதான்.

வரையும்போது வெண்டல் முனகுவான்,
பாதி பாட்டு, பாதி வசவு, அமெரிக்க மூக்கால்.
"உன் தோளை நான் வரையவில்லை, ஸெலீ,
அது எழுப்பும் சத்தத்தை."
என் தோள் சத்தம் போட்டதில்லை.
சலவைக்கூடத்தில் ஈரப் போர்வை பிழிகையில்
எப்போதாவது மளுக்கென்று.

நேற்று கண்காட்சி.
என்னைத் தேடினேன்.
ஊதா சுழன்று சுழன்று நீலத்துக்குள் இறங்க,
நீலம் எதையோ விழுங்கியிருந்தது.
முழங்கால் எங்கே என்றேன்.
செம்மஞ்சளைக் காட்டினான்:
"அது அதிர்ந்தால்தான் பக்கத்துச் சிவப்பு கேட்கும்."
தொப்பிக்காரர் ஒருவர்
இரண்டு காதையும் பொத்திக்கொண்டு படத்தைக் கடந்தார்;
கூட வந்தவள் சிரித்துச் சிரித்து இருமினாள்.

நான் நகரவில்லை.
கீழே, இடது ஓரம்,
யாரும் குனியாத இடத்தில்
வெளிறிய சாம்பல்பச்சை ஒன்று,
வேறெதனோடும் சுருதி சேராமல்.
என் கால் மரத்துப்போன மத்தியானம் அது.
வாய் திறக்காமல்தான் உட்கார்ந்திருந்தேன்.

கேட்டிருக்கிறது அவனுக்கு.
கேட்டும் நிறுத்தவில்லை.
இரண்டு பிராங்க் பாக்கி வேறு.