அ குழு, ஆ குழு

சோஹார். ஆகஸ்ட்.
ஏசி சொட்டும் தண்ணீருக்கு
பெயிண்ட் டப்பா வைத்திருக்கிறோம்.
ஒரே அறை, நடுவில் பச்சைத் திரை.
இந்தப் பக்கம் அ குழு, நான்.
அந்தப் பக்கம் ஆ குழு, ஜெபக்கனி.

எங்களை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது.
நர்சுகள் எதில் அதிகம் கற்கிறார்கள்,
பதிவு செய்த பாடத்திலா, நேரலையிலா?
பாடம் ஒன்றுதான்: படுக்கைப் புண்.
குழு விட்டுக் குழு பேசக் கூடாதென்று
கையெழுத்து வாங்கிக்கொண்டார் பத்ரியா மேடம்.

எனக்கு வீடியோ.
நைட் டியூட்டி முடிந்து வந்து
ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவேன்.
நேரம் முடியும்வரை 'அடுத்து' பொத்தான் சாம்பல் நிறம்.
அதற்குள் பல் தேய்க்கலாம்,
சில நாள் சாம்பாரே வைத்துவிடலாம்.
தூங்கிப்போனாலும் கோபிக்காத வாத்தியார்;
பின்னால் தள்ளினால்
அதே சிரிப்போடு அங்கிருந்தே தொடங்குவார்.

அவளுக்கு மதியம் இரண்டு மணிக்கு.
தூக்கத்தைப் பாதியில் அறுத்துக்கொண்டு எழுந்து
மேலே யூனிபார்ம், கீழே பூப்போட்ட பாவாடை.
"கேக்குதா மேடம், கேக்குதா"விலேயே
கால் மணி போகும்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்து.
வெளுத்தால் பயமில்லை,
வெளுக்காவிட்டால் முதல் நிலை.
வீடியோவில் வந்த குதிகால்கள் எல்லாம்
மைதா நிறம்.
என் முழங்கையை அழுத்திப் பார்த்தேன்:
சிவக்கவும் இல்லை, வெளுக்கவும் இல்லை.
பின்னால் தள்ளி மறுபடி கேட்டேன்.
வாத்தியார் சிரித்தார்.

பதினோராம் படுக்கையில்
சாரத்திலிருந்து விழுந்த காசிராசன்.
இடுப்புக்குக் கீழே
அவன் பேச்சைக் கேட்காத உடம்பு.
என் நிறம்.

வெங்காயம் நறுக்கியபடி விதியை மீறினேன்.
"கறுத்த தோலுக்கு என்னடி செய்றது?"
"நான் கேட்டேனே" என்றாள் ஜெபக்கனி.
"மேடமே கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க.
அப்புறம் சொன்னாங்க, கண்ணை நம்பாதே,
புறங்கையை வை.
பக்கத்துத் தோலைவிடச் சூடா இருக்கா,
கெட்டியா இருக்கா, பாரு."
நெட் அறுந்ததில் அவளுக்கு
மூன்றாம் நிலையும் நான்காம் நிலையும் குழம்பியிருந்தன.
அதை நான் சொன்னேன்,
வாத்தியார் குரலில், ஒன்றரை மடங்கு வேகத்தில்.
குழம்பு அடிபிடித்தது.

அன்றிரவு புறங்கையை வைத்தேன்.
இடது குதிகால் குளிர்ச்சி.
வலது,
அணைத்துச் சற்று நேரமான இஸ்திரிப் பெட்டி.
கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை செருகி
குதிகாலை அந்தரத்தில் விட்டேன்.
"என்ன சிஸ்டர், என்ன பண்றீங்க?" என்றான்
எதுவும் தெரியாத பாதங்களைப் பார்த்து.

டிசம்பரில் முடிவு வந்தது:
இரு குழுக்களுக்குமிடையே
குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.
பத்ரியா மேடத்துக்கு வருத்தம்.
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.
லைசென்சுக்கு ஆளுக்கு ஆறு புள்ளி சேர்ந்தது.

பச்சைத் திரை இன்னும் தொங்குகிறது.
அதன்மேல் காய்கின்றன
இரண்டு பேர் சாக்ஸும்.