கத்தாத கத்தி

ஆறடி ஐந்தங்குலம்.
எந்த வாசலிலும் குனிந்தே நுழைவதால்
யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே
முப்பது வருடம் போய்விட்டது.
துலூத் துறைமுகத்து மதுக்கடைகளில்
வாசல் காத்தவன்;
இப்போது சிறுவர் நூலகத்தில்
புத்தகப் பெட்டி பிரிக்கிறேன்.
பெட்டி என்றால் கயிறு, ஒட்டுநாடா.
ஆகவே ஒரு கத்தி.

வெர்னெல் கண்ணாடிப் பேழையைத் திறந்து
முதலில் எடுத்து வைத்தது கறுப்பு.
பாதி அலகு பல்.
விரல் பட்டதும் சடக்கென்று திறந்துகொண்டது.
பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்த பையன்
திரும்பிப் பார்த்தான்:
கத்தியை அல்ல, என்னை.

"உன் கைக்கு இதுதான் அளவு, ஆர்விட்."
"அதனால்தான் வேண்டாம்."

அடுத்து மான்கொம்புப் பிடி.
செத்த மானே நேரில் வந்து
விலை சொல்வது போலிருந்தது.
பிறகு, கடனட்டை மாதிரி மடங்குகிற ஒன்று.
கத்தி இல்லை என்று நடிக்கிற கத்தி;
பிடிபட்டால் இரட்டைக் குற்றம்.

வெர்னெல் பொறுமை இழந்து கேட்டாள்:
"என்னதான் வேண்டும் உனக்கு?"

மேசைமேல் வைத்தால்
பேச்சு நின்றுபோகாத கத்தி.
எப்படிச் சொல்வது அதை.
"சின்னதாக" என்றேன்.

சாவிவளையக் கூடைக்கு அடியில்
ஒரு வருடத் தூசியோடு கிடந்தது.
மஞ்சள். பள்ளிப் பேருந்து மஞ்சள்.
என் கட்டைவிரல் நகத்தைவிடக்
கொஞ்சம்தான் நீளம் அலகு.
திறப்பதற்கு இரண்டு கை வேண்டும்,
நகம் வேண்டும்,
மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
கோபத்தில் இருக்கிறவனால்
திறக்கவே முடியாது.
ஒன்பது டாலர்.

வீட்டுச் சாவி, நூலகப் பின்கதவுச் சாவி,
போன கோடையில் விற்றுவிட்ட
படகுக் கொட்டகையின் சாவி.
அதற்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.
பேரிக்காய் நறுக்க
மதிய இடைவேளை முழுவதும் ஆனது.
சட்டைப் பையில் இருப்பதே மறந்துபோகும்;
குளிர்ந்த உலோகம் தொடையில் பட்டு
திடீரென்று ஞாபகப்படுத்தும்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை
நூலக வாசல் சைக்கிள் கம்பியில்
ஒரு சறுக்குவண்டியின் கயிறு
சுற்றி, முடிச்சிட்டு, உறைந்து
கம்பியோடு கம்பியாகி நின்றது.
இழுத்து இழுத்து அழுகிற சிறுமி.
உதைத்துப் பார்த்துவிட்ட அம்மா.
ஏரிக்காற்று காதை அறுக்கிறது.

நான் பைக்குள் கை விட்டேன்.
அந்தப் பெண்
மகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள்.
தெரியும் எனக்கு அந்த இழுப்பு.
எத்தனை பேருந்து நிறுத்தங்களில்!

கையுறை கழற்றி,
நகத்தால் நெம்பி, வழுக்கி,
மறுபடி நெம்பி,
ஒருவழியாக வெளியே வந்தது மஞ்சள்.
சிறுமி அழுகையை நிறுத்திவிட்டு
அம்மாவின் கோட்டுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.
"அது கத்தியா, கத்தியோட குட்டியா?"

"குட்டிதான். இன்னும் கத்தத் தெரியாது."

உறைந்த கயிறு லேசில் அறுபடுமா?
ஒரு இழை. இன்னொரு இழை.
கறுப்புக் கத்தி என்றால் இரண்டே இழுப்பு;
வாங்கியிருக்கலாமோ என்று
நினைக்கத்தான் செய்தேன்.
விரல் மரத்துவிட்டது.
சிறுமி எண்ணத் தொடங்கினாள்,
நாற்பதுக்குப் பிறகு எழுபது, பிறகு நாற்பது.
அவள் பெயர் தீசா.
வண்டியின் பெயர் மிஸ்டர் பொட்டேட்டோவாம்.
நூலகத்துக்குள் இருக்கிற மீன்தொட்டியில்
ஒரு மீன் செத்துவிட்டது எனக்குத் தெரியுமா என்றாள்.
தெரியும், நான்தான் எடுத்தேன் என்றேன்.
அம்மா சிரித்துவிட்டாள்.

ஆனாலும் மகளின் குல்லாயைப் பிடித்த பிடி
கடைசி இழை அறும்வரை தளரவில்லை.
அதுவும் சரிதான்.
ஒரு மஞ்சள் கத்தி
எவ்வளவுதான் சொல்லும் என்னைப் பற்றி?

இரவு, அடுப்படியில்,
காபிக் கோப்பையைக் கவிழ்த்து
அடிப்பாகத்துச் சொரசொர விளிம்பில்
மழுங்கின அலகைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.
எலி எதையோ கொறிப்பது போலச் சத்தம்.
என் கைக்குள் அது இருப்பதே தெரியவில்லை.
யாராவது ஜன்னல் வழியே பார்த்தால்
பெரிய ஆள் ஒருவன்
கோப்பைக்கு முதுகு தேய்த்துவிடுகிறான்
என்று நினைக்கலாம்.
நினைக்கட்டும்.