பத்துப் பாகை போதும்

ஓகஸ்ட் முப்பது. உப்புவெளி.
ஐஸ் பக்டரிக் கூரையில்
நின்ற இடத்தில் செருப்பு ஒட்டுகிறது.
கீழே பெட்டி பெட்டியாய்ப் பாரை மீன் உறைய
மேலே நானும் யோகவதனியும்
வெயிலைப் பூட்ட வந்திருக்கிறோம்.

இரும்புக் கால்கள் ஹம்பேர்க்கிலிருந்து வந்தவை.
முப்பத்தைந்து பாகைக்கு வெட்டி, துளையிட்டு,
துரு ஏறாத பூச்சும் பூசி.
ஒரு வரிசை நிறுத்திப் பார்த்தோம்:
எல்லாப் பனலும் எக்கி எக்கி
யாரோ வருவதைப் பார்க்கிற மாதிரி.

சபூறுத்தீன் முதலாளிக்குப் பிடித்துவிட்டது.
"பொஸ்தகத்துல இப்பிடித்தான் கெடக்கு. மாத்தாதீங்க."

அது அவர்களுடைய சாய்வு, முதலாளி.
வெயில் யாருக்கும் சாய்ந்து புறப்படுவதில்லை.
எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடி வருகிறது,
நூல் பிடித்த மாதிரி,
ஒரு கதிர் மற்றதைத் தொடாமல்.
வளைந்தது நிலம்.
இங்கே உச்சந்தலையைக் கொடுக்கிறது,
அங்கே தோளை மட்டும்.

யோகவதனி பெயின்ட் வாளியைக் காலால் தட்டினாள்.
"இந்த ஒரு வாளிய இந்தச் சுவருக்கு அடிச்சா நல்ல நீலம்.
இதையே மதில் முழுக்க இழுத்தா
உள்ள சீமெந்து தெரியும்.
அங்க வெயில் இழுத்துப் பூசினது."

அவர் நம்பவில்லை.
கடன் எடுத்தவர்; அவர் ஏன் நம்பவேண்டும்?

பதினொன்று ஐம்பது.
தண்ணீர்த் தாங்கியின் மட்டமான தட்டில்
நீள போல்ட் ஒன்றைத் தலைகீழாய் நிறுத்தினேன்.
சித்திரைக்குப் பிறகு நாலரை மாதம்
நடுப்பகல் நிழல் தெற்கே விழுந்தது,
கோணேசர் மலைப் பக்கமாக.
நாளையிலிருந்து வடக்கே, நிலாவெளிப் பக்கம்.
நடுவில் இன்று.

பன்னிரண்டு ஆறு.
போல்ட்டுக்கு நிழல் இல்லை.
கீழே மதிலோரம் படுத்திருந்த மான்
எழுந்து, யோசித்து,
லொறிக்கு அடியில் நுழைந்தது.
முதலாளி குனிந்து தன்னைச் சுற்றித் தேடினார்.
"என்ட நெழல் எங்க?"
"மிதிச்சுக்கொண்டு நிக்கிறீங்க."

ஹம்பேர்க்கில் இப்போது காலை எட்டரை.
அவர்களுக்கும் நடுப்பகல் வரும்,
இப்படி ஒரு நிமிடம் வராது.
ஆனி மாதத்து உச்சி வெயிலிலும்
ஒரு துண்டு நிழல் காலைப் பிடித்தபடி.
அந்த இரும்பை வெட்டியவனை நினைத்தேன்.
தன் வானத்துக்குச் சரியாகத்தான் வெட்டியிருக்கிறான்.

எங்கள் ஊர்ப் பெயருக்குள் ஒரு கோணம் கிடக்கிறது.
பஸ்ஸில் தொங்கிக்கொண்டு
"திருமலை! திருமலை!" என்று கத்துகிறவன்
அதைத்தான் விட்டுவிடுகிறான்.
நாங்களும்தான்.

கணக்குப்படி எட்டரை.
பத்து வைத்தோம்,
காகம் போட்டதும் கடல் உப்பும்
மாரி மழையில் வழிந்து போகட்டும் என்று.
கிரைண்டர் பொறி பறக்க
ஒவ்வொரு காலும் கட்டையானது.
எக்கி நின்ற பனல்கள்
பாயில் சரிந்த ஆட்கள் போல் வானம் பார்த்தன.

வெட்டி விழுந்த துண்டுகளில் ஒன்றைக்
கையில் நிறுத்துப் பார்த்தார் முதலாளி.
"மிச்சம் இருவத்தஞ்சு பாகை கெடக்கே,
பழைய இரும்புக்காரன் எடுப்பானா?"

போல்ட்டை எடுக்க மறந்திருந்தேன்.
அதன் கிழக்கில்
நகக்கண் அளவு கறுப்பு,
ஏற்கெனவே.