இரண்டு மணி நேரத் தாமதம்

விடியற்காலை மூன்றே முக்காலுக்கு
பள்ளி மாவட்டம் மொத்தமும்
என் முன்கண்ணாடிக்குள் அடங்கிவிடுகிறது.
முப்பத்தொரு சதுர மைல். ஒன்பது பள்ளிகள்.
ஐம்பத்தெட்டு பேருந்துகள்.
ஆறாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள்.
பனி மட்டும் தூங்கவில்லை.

சாலைகளை ஓட்டிப் பார்ப்பது என் வேலை.
பாலத்துக்குப் பாலம்
ஒருமுறை பிரேக்கை மிதித்து
வண்டி எந்தப் பக்கம் வழுக்குகிறது என்று குறித்துக்கொள்வது.
ஐந்து மணிக்குள் கண்காணிப்பாளரை எழுப்பிச் சொல்ல வேண்டும்:
திறக்கலாம்,
மூடலாம்,
இல்லையென்றால் இரண்டுங்கெட்டானாக
இரண்டு மணி நேரம் தள்ளி வைக்கலாம்.

முதலில் வடக்கு, ஏரிக்கரை.
இங்கே வீட்டுப் பாதைகளுக்கு அடியில் சூடு ஓடுகிறது.
விழுந்த பனி
விழுந்த சுவடில்லாமல் கரைகிறது.
இந்தப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கு
பெற்றோர் சங்கம் தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தது.
அதற்கு உறை தைத்துக் கொடுத்ததும் அவர்கள்தான்.

பிறகு கெட்டில் தெரு.
எல்லைக்கோடு இதன் முதுகெலும்பில் போகிறது.
வரைந்த குழுவில் நானும் இருந்தேன்.
மூன்று வாரம், ஒரு வரைபடம், ஏழு பெட்டி டோனட்.
ஒற்றைப்படை வீடுகள் மில் ரோடு பள்ளிக்கு,
இரட்டைப்படை வீடுகள் வெஸ்ட்ஃபீல்டுக்கு.
தெருவின் அகலம் இருபத்தாறு அடி.
எதிரெதிர் வீடுகளின் விலையில்
முப்பதாயிரம் டாலர் தூரம்.
பனிவாரி வண்டி இன்னும் வரவில்லை.
கோடு இப்போது யாருக்கும் தெரியாது.

ஹாலிஸ் பள்ளி வாசலில் வேகம் குறைக்கிறேன்,
பழக்கதோஷம்.
நவம்பரில் பள்ளி வரி தோற்றது,
நாற்பத்தொரு வாக்கில்.
நாற்பத்தொரு பேர் ஏறினால்
என் பேருந்து ஒன்றுகூட நிறையாது.
மூடிய பள்ளியின் அறிவிப்புப் பலகை
இன்னும் இலையுதிர் விழாவுக்கு அழைக்கிறது.
எழுத்துகளைக் கழற்ற
ஏணியோடு வர ஆளில்லை.
அந்த ஆளின் சம்பளமும் அந்த வரியில் இருந்தது.

தெற்கில், ரயில் பாதைக்கு அப்பால்
ட்ரெய்லர் வீடுகள்.
மாவட்டத்தின் முதல் நிறுத்தம், ஆறு எட்டுக்கு.
இட்செல் பராஹோனா, இரண்டாம் வகுப்பு,
அண்ணனின் கோட்டுக்குள் பாதி நின்றுகொண்டிருப்பாள்.
அவள் அம்மா முதியோர் இல்லத்தில் இரவுப் பணி முடித்து
ஏழு மணிக்குத்தான் வருவாள்.
மூடினால், இட்செலுக்கு மதியச் சாப்பாடு இல்லை.
தள்ளி வைத்தால்
விதிப்படி காலைச் சாப்பாடு இல்லை.
விதியை எழுதியவர்
சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும்.

வண்டியை ஓரங்கட்டுகிறேன்.
கண்காணிப்பாளருக்கு முன்னால்
சமையலறைத் தலைவி பெர்னடீன் ஸ்டக்கியை அழைக்கிறேன்.
"லோர்னா, மணி என்ன தெரியுமா?"
தெரியும். தாமதம் அறிவிக்கப் போகிறோம்.
உன் ஆட்கள் வழக்கமான நேரத்துக்கு வருவார்களா?
நீண்ட மூச்சு.
கட்டில் கிறீச்சிடும் சத்தம்.
"முட்டை இருக்கிறது. வாஃபிள் இல்லை."

நாலு ஐம்பத்திரண்டுக்கு டாக்டர் ஹால்வர்சனிடம் சொல்கிறேன்:
தாமதம். காலை உணவு உண்டு.
உண்டா என்று கேட்கிறார்.
உண்டு, முட்டை என்கிறேன்.
சரி என்பதற்கு முன்னால்
செலவைக் கூட்டிப் பார்க்கும் மௌனம்.
சரி.

ஐந்தரைக்குள் புகார்கள்.
வடக்கு: உயிரோடு விளையாடுகிறீர்களா, ஏன் மூடவில்லை?
கெட்டில் தெரு, இரட்டைப்படை:
எங்கள் வேலைக்கு யார் போவது, ஏன் தள்ளினீர்கள்?
தெற்கிலிருந்து எதுவும் இல்லை.
அங்கே அலைபேசிகள்
வேலைக்குப் போனவர்களின் பையில்.

அப்போது டிப்போவிலிருந்து ஆரின் பேசுகிறான்.
பதினேழாம் எண் கிளம்ப மறுக்கிறது.
டீசல் கூழாகிவிட்டது.

பதினேழு, தெற்குப் பேருந்து.

உதிரிப் பேருந்தின் சாவி
என் கோட்டுப் பையில்.
ஹீட்டர் வேலை செய்யாத பேருந்து அது.
என் மதியச் சாப்பாட்டுப் பையையும்
வீட்டிலேயே மறந்துவிட்டேன்.
எட்டு எட்டுக்கு அங்கே இருக்க வேண்டும்.
முட்டை ஒன்று கூடுதலாகச் சொல்லியிருக்கலாம்.