முதல் வாயோடு

முதல் வாய்ச் சோற்றோடு விழுங்க வேண்டும்.
முந்தினாலும் வீண், பிந்தினாலும் வீண்.
வவுனியா கிளினிக்கில் மருந்து தருகிற நிரஞ்சலா
மூன்று தரம் சொல்லித்தான் விட்டவ.

வாய்க்குள் குறையில்லை.
ஆட்டக்காரிச் சோற்றை மெதுவாய் மென்றால்
நாக்கின் ஓரத்தில் ஒரு சின்ன இனிப்பு:
உமிழ்நீர், மாப்பொருட் சங்கிலியில்
முதல் வெட்டை வெட்டிவிட்டது.
பிறகு இரைப்பை. அந்தப் புளிப்பில்
வெட்டுகிற கை ஓய்ந்துபோகும்.
மிச்சத்தைச் சிறுகுடல் வாசலில்
சதையி பார்க்கவேண்டும்.

என் சதையியில் பாதிக்கு மேல்
ஒரு செல் துண்டோடு போய்விட்டது.
அதற்குப் பிறகு தின்றதொன்றும் உடம்பில் ஒட்டவில்லை.
வயிறு மட்டும் மார்கழி மாத முத்தையன்கட்டுக் குளமாய்
முட்டி நிற்கும்.
ஒரு வாய்க்காலிலும் தண்ணி ஓடாது.

பெட்டிக்குள் மடித்திருந்த தாளை வாசித்த தவநிதி
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு சொன்னாள்:
"பன்றியின்ர சதையியில இருந்து எடுக்கிறதாம்."

அன்றிரவும் நான் காவற்பரணில்.
கதிர் பால் பிடித்திருந்த நேரம்.
கிழக்கு வரப்பை உடைத்துக்கொண்டு
ஒரு தாயும் ஐந்தாறு குட்டிகளும்.
சீனவெடித் திரியைக் கையில் பிடித்தபடி
அவை சப்புகிற சத்தத்தை
முதல்தரம் காதுகொடுத்துக் கேட்டேன்.
என் நெல்தான்.
அந்த வயிற்றுக்குள்ளும் அதே வெட்டு,
சங்கிலி இரண்டிரண்டாய்,
குடற்சுவரில் இரண்டு ஒன்றொன்றாய்,
ஒன்றொன்றாய் இரத்தத்துக்கு.

வெடியைப் போட்டேன்.
போடாமல் இருக்கலாமா, பசளைக்கடன் நிற்கிறது.
ஒரு குட்டி வாய்க்காலுக்குள் வழுக்கி விழுந்து
எழும்பி ஓடியது.

விடிய அளந்தால் ஒன்றரைப் பரப்பு நாசம்.
காப்புறுதிப் படிவத்தில்
'காரணம்' என்ற கட்டத்துக்குள்
பன்றி என்று எழுதினேன்.
அதே மேசையில் சோற்றுக் கோப்பை,
அதற்குப் பக்கத்தில் குளிகை.

எந்த நாட்டுப் பன்றியோ.
நெல்லைக் கண்டதோ இல்லையோ.
அதன் நொதியம் உறைக்குள் சுருண்டு,
புளிப்பைத் தாண்டி,
குடல் வாசலில் கதவு திறந்து,
நேற்று நான் வெடிபோட்டுக் காத்த இனத்துச் சோற்றை
எனக்காக வெட்டத் தொடங்கும்.
கத்தி மழுங்காது.
கூலி கேட்காது.

ஒரு மணித்தியாலத்தில் கைநடுக்கம் நின்றது.
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு
உடைந்த வரப்பைக் கட்டப் போனேன்.
சேற்றில் குளம்படிகள்.
சின்னனும் பெரிசுமாய்.
ஒன்றை மிதிக்காமல் சுற்றிப் போனேன்,
ஏனென்று தவநிதி கேட்கவில்லை.