அரைப் பேர்

மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கும் என் முதல் வேலை.
நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத உச்சிக்கு
சோடாப் பெட்டி, மாவு மூட்டை,
ஒருமுறை ஒரு கேஸ் சிலிண்டர்.
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
படிகளை நான் எண்ணுவதில்லை;
எண்ணுகிறவர்கள் வெறுங்கையோடு ஏறுகிறவர்கள்.

வைகாசியில் கடைகளின் தகரத்தைக் கழற்றுவார்கள்.
அப்புறம் மழை.
மஸ்கெலியாவில் மழை வந்துபோகாது,
குடியிருக்கும்.
பாறையெல்லாம் பாசி, பாசியெல்லாம் அட்டை.

ஆனால் மலைக்கு இரண்டு முதுகு.
இந்த முதுகு நனையும்போது
அந்த முதுகு காய்கிறது.
ஹட்டனில் ரயிலேறி
பட்டிப்பொலவுக்கு அப்பால் சுரங்கம் தாண்டினால்
குடையை மடக்கலாம்.

ஆடியில் அப்புத்தளைக் காற்று
தலைத்துண்டோடு பேச்சையும் பறிக்கும்.
அங்கே எனக்குக் கவ்வாத்து வேலை.
காலையில் பிரட்டு, மாலையில் எண்ணிக்கை.
ஒரு நாளைக்கு இத்தனை செடி,
குறைந்தால் அரைப் பேர்.

அங்கேயே, ஏழாம் நம்பர் மலைக்குப் பின்னால்,
காய்ந்து சூடேறி நிற்கிறது
நாற்பது மீட்டர் பாறை.

ஜெசிந்தா லொறியில் கோவா அடுக்குகிறவள்.
எனக்கு ஞாயிறு ஓய்வு,
அவளுக்கு ஞாயிறு லோடு.
இருவருக்கும் பொதுவான நாளை
எந்தக் கலண்டரிலும் அச்சடிக்கவில்லை.
ஆகவே புதன் மத்தியானம்:
எனக்கு அரைப் பேர் போகும்,
அவளுக்குத் தூக்கம் போகும்.

கயிறு ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போனது.
ஊதா நிறம். நடுவில் ஓரிடம் நைந்திருந்தது,
அங்கேயே வெட்டினோம்.
அதனால் பாறையையும் பாதியில் நிறுத்தி
ஒரு குட்டி மரத்தில் கட்டிக்கொண்டு
மீதியை ஏற வேண்டியிருக்கிறது.

போன புதன்
வெடிப்பில் விரலைச் செருகித் தொங்கியபடி
கணக்குப் போட்டேன்,
அரைப் பேருக்கு எத்தனை றாத்தல் பாண் என்று.
போட்டிருக்கக் கூடாது.
பிடி உடைந்தது.
உள்ளங்கையளவு கல்
காதோரம் விர்ரென்று போனது.
கயிறு இறுகியது.
கீழே ஜெசிந்தா
கோவா மூட்டையை வாங்குகிற அதே சாய்வில்
குதிகாலை ஊன்றி நின்றாள்.
"என்ன யோசிச்ச?"
"பாண்."
"ஏறிட்டு யோசி."

ஏறினேன்.
மேலே ஒன்றுமில்லை.
காற்று, ஆட்டுப் புழுக்கை,
தெற்கே கடல் என்று நம்பத்தக்க ஒரு வெளுப்பு.

இறங்க எங்களுக்கு வேறு வழி.
பின்புறச் சரிவில் பத்தனைப் புல்
வெயிலில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும்.
யூரியாப் பையை இரண்டாக மடித்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.
அவள் தம்பி ரஜிகாந்தன்
கொரியாவிலிருந்து அனுப்பிய வீடியோவில்
காலில் பலகை பூட்டிப் பனிமேல் சறுக்குகிறார்கள்.
அவர்களுக்கு டிக்கெட், கண்ணாடி, கையுறை.
எங்களுக்குப் பை கிழிந்தால் காற்சட்டையும் கிழியும்.
முழங்காலை மடக்கு, பாரத்தை மலைப்பக்கம் போடாதே
என்று அவன் போனில் சொன்ன பாடம்
புல்லுக்குப் பாதிதான் பொருந்தியது.
மற்றப் பாதியில் நான் உருண்டேன்.
ஜெசிந்தா கத்தினாள். பயமா, சிரிப்பா,
காற்று அதையும் வாங்கிக்கொண்டது.

மறுநாள் பிரட்டில்
கணக்கப்பிள்ளை என் விரல்களைப் பார்த்தார்.
"கவ்வாத்துக் கத்தியா?"
தலையாட்டினேன்.
கத்தி கிழித்தது இடது கட்டைவிரலில்,
பாறை கிழித்தது நகக்கண்களில்.
அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.
பேனாவை ஒரு நொடி தூக்கிப் பிடித்தார்,
நேற்றைய கட்டத்தில் அரை போட்டார்.
பிறகு, தலை நிமிராமலே,
"அந்தப் பக்கம் குளவி இருக்கு, பார்த்து" என்றார்.

ஐப்பசியில் இந்த முதுகு நனையத் தொடங்கும்.
அதற்குள் இன்னும் ஆறு புதன்.
ஆறு அரை என்றால் மூன்று பேர்.
கொடுக்கலாம்.